எதையும் பார்க்காமல் இலங்கையைச் சுற்றி வருவது எப்படி?

சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றே கால் மணி நேரத்தில் கட்டுநாயக்காவில் இறங்கிவிடலாம். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐரோப்பா என்றால் நீண்ட பயணம், குளிர், புரியாத மொழி என்று பல பாதுகாப்புகள் உண்டு. பஸ்ஸில் ஏறியதும் தூக்கம் வந்துவிடும், எதுவும் மனதில் ஒட்டாது. இலங்கையில் அந்த வசதி இல்லை. பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கும். குழம்பில் தேங்காயும் கறிவேப்பிலையும் இருக்கும். கோயிலுக்குள் போனால் பாதிச் சாமிகள் ஏற்கெனவே தெரிந்தவர்கள். மொத்த நாடும் தமிழ்நாட்டின் பரப்பில் சரிபாதி. அதற்குள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியவை மட்டும் எட்டு. கொஞ்சம் அசந்தால் எதையாவது பார்த்துத் தொலைத்துவிடுவீர்கள்.

எனவே, எல்லா இடத்திலும் நின்று படமும் எடுத்துக்கொண்டு, அந்த இடம் எதையும் பார்க்காமலும் பத்திரமாக வீடு திரும்ப நினைக்கும் குடும்பங்களுக்கு இந்தக் குறிப்புகள்.

முதலில் மாதம். இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொழும்பு, காலி, மலைநாட்டின் மேற்குச் சரிவு எல்லாவற்றையும் நனைக்கும். அப்போது திருகோணமலைப் பக்கம் கடல் கண்ணாடியாகக் கிடக்கும். வருடக் கடைசியில் இது அப்படியே தலைகீழ். எந்த மாதம் போனாலும் நாட்டின் ஏதோ ஒரு பாதி உங்களுக்காக வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் என்று பொருள். இதை வாசித்தவுடன் மறந்துவிடுங்கள். பள்ளிக்கூட விடுமுறை எப்போதோ அப்போது கிளம்பி, எந்தப் பாதியில் மழையோ அந்தப் பாதிக்குப் போவதே மரபு.

போயா நாள் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பௌர்ணமியும் அங்கே அரசு விடுமுறை. அன்று மதுக்கடை திறக்காது. குழுவில் உள்ள ஆண்கள் வாழ்நாளில் முதல்முறையாகப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவது இதற்காகத்தான். அப்படிப் புரட்டி, மே மாத வெசாக் பௌர்ணமியைத் தவிர்த்துவிட்டால் இரட்டை லாபம். தெருவெல்லாம் தொங்கும் காகிதக் கூடுகளையும், போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து இலவசமாகச் சோறு போடும் தன்சல் பந்தல்களையும் பார்க்காமல் தப்பிக்கலாம்.

அடுத்தது திட்டம். ஐந்து இரவு, ஆறு பகல். இதற்குள் நீர்கொழும்பு, பின்னவல யானைகள், தம்புள்ளை, சிகிரியா, பொலன்னறுவை, கண்டி, நுவரெலியா, எல்ல, காலி, பெந்தோட்டை, கொழும்பு ஆகிய எல்லாம் அடங்கியாக வேண்டும். ஒரு ஊரில் இரண்டு இரவு தங்கச் சொல்லும் ஏஜென்டை நம்பாதீர்கள். இரண்டாம் நாள் காலை வேலையில்லாமல் தெருவில் நடக்க நேரும், யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். வேன் ஓட்டுநருக்குச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரும். இருபது முப்பது வருடமாக இந்தச் சாலைகளில் ஓட்டியவராக இருப்பார். எந்தக் குளத்தில் எந்த மாதம் யானை இறங்கும், எந்த வளைவில் கித்துள் பாணி என்ற நல்ல பனைப் பாகு விற்பார்கள் என்று எல்லாம் தெரியும். அவர் உங்களை ‘சேர்’ என்பார். அவருக்கு ஐம்பத்தைந்து வயதானாலும் நீங்கள் ‘தம்பி’ என்றே கூப்பிட்டு, ஏசியைக் கூட்டச் சொல்லுங்கள். வேறெதுவும் கேட்க வேண்டாம். பின் சீட்டில் அந்தாக்ஷரி தொடங்கிவிட்டால் அவரும் சொல்ல முயல மாட்டார்.

மாத்தளைப் பக்கம் போகும்போது வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றில் வண்டி நிற்கும். இதற்குத் தாராளமாக ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் ஏலக்காய்ச் செடியைக் காட்டி இது ஏலக்காய் என்பார். மிளகுக் கொடியைக் காட்டி இது மிளகு என்பார். போடிநாயக்கனூரிலிருந்து வந்தவரும் வாயைப் பிளந்து கேட்க வேண்டும். பிறகு முதுகில் ஒரு சிவப்பு எண்ணெயைத் தேய்த்துவிட்டு, முட்டிவலி, முடியுதிர்தல், மூலம் மூன்றையும் தீர்க்கும் பாட்டில்களைக் கையில் கொடுத்து, ரசீதும் கொடுப்பார்கள். ரசீதைப் பார்த்ததும் நெஞ்சுவலிக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும்.

இந்தத் தோட்டத்தில் நேரத்தைச் செலவழிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதே சாலையில், மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே, நாலந்த கெடிகே என்று ஒரு சிறிய கற்கட்டடம் நிற்கிறது. பார்த்தால் மாமல்லபுரத்திலிருந்து ஒரு ரதம் தப்பி வந்து குளக்கரையில் உட்கார்ந்துவிட்டது போலிருக்கும். பல்லவர் பாணியில் எழுந்த பௌத்த வழிபாட்டிடம். மகாவலித் திட்டத்து நீர்த்தேக்கம் அதை மூழ்கடிக்கப் பார்த்தபோது, கல் கல்லாகப் பிரித்து எடுத்து மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். பெரும்பாலும் அங்கே கூட்டமே இருக்காது. பெரிய சாலையிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே போனால் போதும். பாட்டில் வாங்கும் வரிசையில் நின்றால் இந்த அபாயம் நேராது.

சிகிரியா கொஞ்சம் சிக்கலான இடம். அப்பன் தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், தம்பி முகலன் இந்தியாவிலிருந்து படையோடு திரும்பி வருவான் என்ற பயத்தில், 5ஆம் நூற்றாண்டில் ஒரு பாறையின் உச்சியில் அரண்மனை கட்டிக்கொண்டான். தம்பி ஒருநாள் வந்தேவிட்டான். வழிகாட்டி இதைச் சொல்லும்போது “அப்படியே சினிமா” என்று ஒருவர் சொல்ல வேண்டும். அதோடு வரலாறு முடிந்தது. அதிகாலையில் ஏறுகிறவர்கள் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதால், நீங்கள் ஓட்டல் இட்லி வரும்வரை காத்திருந்து பதினோரு மணிக்குப் போய்ச் சேருங்கள். அடிவாரத்து நீர்த் தோட்டங்களை ஓட்டமும் நடையுமாகக் கடந்துவிட வேண்டும். 1,500 வருடத்துக்கு முன்னால் போட்ட நிலத்தடிக் குழாய்களில் மழைக்காலத்தில் இன்றும் நீரூற்று எழும் என்று யாராவது சொன்னால், “லிப்ட் இருக்கா?” என்று கேளுங்கள். இல்லை. ஏறத்தாழ 1,200 படி.

பாதி உயரத்தில் ஓவியப் பெண்கள். அங்கே படமெடுக்க அனுமதி இல்லை, ஆகவே பார்ப்பதற்கும் அவசியமில்லை. அடுத்து வருவது கண்ணாடிச் சுவர். இங்கேதான் நான் கொஞ்சம் நின்றுவிடுகிறேன், மன்னிக்கவும். அரசன் போய், அரண்மனையும் பாழான பின், பல நூற்றாண்டுகளாக இந்தப் பாறையைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். துறவிகள், படைவீரர்கள், பெண்கள், எங்கிருந்தோ நடந்து வந்த சாதாரணர்கள். வந்தவர்கள் மேலே இருந்த ஓவியப் பெண்களைப் பார்த்து, தோன்றியதைக் கவிதையாக அந்தச் சுவரில் கீறிவிட்டுப் போனார்கள். காதல், கிண்டல், ஏமாற்றம், பதிலுக்குப் பதில் என்று எல்லாம் இருக்கிறது. பெரும்பாலானவை 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்டவை. தொல்லியலாளர் செனரத் பரணவிதான அவற்றில் 685 கவிதைகளைப் படித்தெடுத்து 1956இல் நூலாக்கினார். பயணி என்ற இனத்தில் இவர்களைவிடச் சிறந்தவர்கள் பிறந்ததில்லை என்பது என் கட்சி. வந்தார்கள், நின்றார்கள், பார்த்தார்கள், பார்த்ததற்கு அத்தாட்சியாக ஒரு செய்யுளை விட்டுப்போனார்கள். நாம் எழுதுவதோ பெரும்பாலும் சொந்தப் பெயரும் ஓர் அம்புக்குறியும். இப்போது அந்தச் சுவரில் கிறுக்கினால் சிறை என்பதால் இந்தக் கலையும் வழக்கொழிந்துவிட்டது.

சிங்கப் பாதத்தருகே ‘அமைதி காக்கவும்’ என்று பலகை இருக்கும். பாறையிடுக்கில் குளவிக் கூடுகள். சத்தம் கேட்டால் கூட்டமாகக் கிளம்பும். நம் குழுவில் கீழே நிற்கும் மாமியை மேலே நிற்கும் மாமா பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணி பாட்டிலை யார் வைத்திருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டிய இடமும் சரியாக இதுதான்.

பொலன்னறுவையைப் பாழாக்க இரண்டு வழி உண்டு. இரண்டையும் ஒரே குடும்பத்தில் காணலாம்.

முதல் வழி சுலபமானது. வண்டியை நேராகக் கல் விகாரையில் நிறுத்தச் சொல்லி, 46 அடி நீளத்தில் சாய்ந்திருக்கும் புத்தரின் முன்னால் ஒரு குழுப்படம். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று படமெடுப்பது அந்த ஊரில் பெரிய அவமரியாதை. காவலாளி வந்து சொல்வார். ஆகவே எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி, கழுத்துச் சுளுக்கியவர்கள் போல நிற்கப் பழகிக்கொள்ளுங்கள். பிறகு ஐஸ்கிரீம், பிறகு வண்டி. வழியில் மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் சிறிய சிவன் கோயிலை வேன் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். அப்போது செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். தொல்லியல் துறை அதை இரண்டாம் இலக்கச் சிவ தேவாலயம் என்கிறது. சோழர்கள் வைத்த பெயர் வானவன் மாதேவி ஈச்சுரம். அடி முதல் முடி வரை கல். 993இல் ராஜராஜனின் படை அநுராதபுரத்தை அழித்தபின் பொலன்னறுவை சோழர் தலைநகராகி, ஜனநாதமங்கலம் என்று பெயரும் மாறியிருந்தது. சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. அந்நகரில் இன்றும் நிற்கும் கட்டடங்களில் இதுதான் மூத்தது.

இரண்டாவது வழி இதைவிட நுட்பமானது. அதே கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கி, மீசையைத் தடவிக்கொண்டு, ஓட்டுநரைப் பக்கத்தில் கூப்பிட்டு, “இதெல்லாம் ஒரு காலத்துல எங்களோடது, தெரியுமா?” என்று அரை மணி நேரம் பேசுவது. அவர் தலையாட்டுவார், சம்பளத்தில் அதுவும் சேர்த்தி. அநுராதபுரம் எரிந்த கதையை விட்டுவிடுங்கள். 1070இல் விஜயபாகு சோழரை வெளியேற்றிய கதையை அறவே விட்டுவிடுங்கள். முக்கியமாக, அங்கிருந்து சிறிது தூரத்தில், தலதா மளுவ என்ற பழைய முற்றத்தில் நிற்கும் பலகைக் கல் பக்கம் போகவே போகாதீர்கள். வேளைக்காரர் கல்வெட்டு என்பார்கள். தமிழில் பொறித்தது. சோழரை விரட்டிய அதே விஜயபாகு, புத்தரின் புனிதப் பல்லுக்கு எடுத்த கோயிலைத் தங்கள் உயிருள்ளவரை காப்போம் என்று வேளைக்காரத் தமிழ்ப் படையினர் ஒப்புக்கொடுத்த ஆவணம் அது. சிங்கள அரசன், பௌத்தக் கோயில், தமிழ்ப் படை, தமிழ் எழுத்து. நம்முடையது, அவர்களுடையது என்று பிரித்துப் பேச வந்தவருக்கு இந்தக் கல்லால் ஒரு உபயோகமும் இல்லை. பேச்சு பாதியில் நின்றுவிடும்.

கண்டிக்குப் போனால் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை. ஒரு நாளைக்கு மூன்று வேளை பூசை. அப்போது மேளம் முழங்கும், வெள்ளை உடுத்திய ஜனங்கள் தாமரையும் நீலோற்பலமும் ஏந்தி வரிசையில் நிற்பார்கள். இரண்டு பூசைக்கு நடுவே போய், மூடிய கதவைப் பார்த்துவிட்டு வருவதே நம் வழக்கம். வெளியே வந்து ஏரிக்கரையில் பாப்கார்ன் சாப்பிடலாம். அந்த ஏரியை வெட்டியவன் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி, மதுரை நாயக்கர் உறவில் வந்த வம்சம். 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து, குடும்பத்தோடு கப்பலேற்றி வேலூர்க் கோட்டையில் கொண்டுபோய் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று கல்லறை இருக்கிறது. வேலூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கூடுதல் தகுதி: வீட்டுப் பக்கத்திலேயே இருப்பதைப் பார்க்காதவர்கள் கண்டிக்கு வந்து புதிதாகப் பார்க்காமலிருக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

மாளிகைக்கு எதிர்ப்புறம், நடந்தால் ஐந்து நிமிடத்தில், பத்தினி தேவாலயம். மதுரையை எரித்துவிட்டுப் போன கண்ணகிதான். சிங்களவர்களுக்கு அவள் பத்தினித் தெய்வம். அம்மை, காய்ச்சல், குழந்தை வரம் என்று வேண்டிக்கொள்ள வருவார்கள். எசல பெரஹரா ஊர்வலத்தில் அவளுக்கென்று தனி யானையே உண்டு. தமிழ்நாட்டில் அவள் கடற்கரையில் சிலம்போடு தனியாக நிற்கிறாள்; இங்கே தினம் விளக்கேற்றிக் கும்பிடுகிறார்கள். இந்த இடத்தைப் பார்க்காமல் கடப்பதற்கு ஒரே வழி, எதிர்த் திசையில் இருக்கும் ரத்தினக் கல் கடைக்கு வேகமாக நடப்பது. நீலக்கல் வாங்குங்கள். ஊருக்கு வந்து தி.நகரில் விலை விசாரிக்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. சோறும் கறியும் என்று கேட்டால் பருப்பு, பலாக்காய், வல்லாரைச் சம்பல், கத்தரிக்காய் மோஜு என்று சட்டி சட்டியாக வரும். அதைக் கேட்காமல், எந்த ஊரிலும் ‘சவுத் இண்டியன் தாலி’ தேடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம், இது நிஜமான குறிப்பு: தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாடு போடுவது அங்கே வழக்கம், ‘மாசி போடாமல்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மண்சட்டி எருமைத் தயிரில் கித்துள் பாணி ஊற்றிக் கொடுத்தால் “சுகர் இருக்கு” என்று சொல்லி மறுத்துவிட்டு, வேனில் ஏறி மைசூர்பாகு டப்பாவைத் திறக்கவும்.

மலைநாடு. இங்கேதான் மிகுந்த கவனம் தேவை.

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் மலை ரயிலை உலகமே வந்து பார்க்கிறது. மூன்றாம் வகுப்பில் ஏறினால் திறந்த ஜன்னல், வாசலில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரும் பள்ளிப் பிள்ளைகள், கூடையில் வடை விற்பவர், மூக்கில் ஏறும் யூக்கலிப்டஸ் வாசனை என்று எல்லாத் தொல்லையும் இருக்கும். ஏசி முதல் வகுப்பில் ஜன்னல் திறக்காது. அதையே பதிவு செய்யுங்கள். ஹப்புத்தளையில் மேகம் தண்டவாளத்தைக் கடக்கும்போது படம் ஓடும் செல்பேசியில் சார்ஜ் இருக்க வேண்டும். தெமோதரையில் ரயில் நிலையத்தைவிட்டுக் கிளம்பி மலையை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்தின் அடியில் குடைந்த சுரங்கத்துக்குள் நுழையும். எவ்வளவு யோசித்தும் வழி பிடிபடாத பொறியாளருக்கு, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று அங்கே ஒரு கதை உலவுகிறது. உண்மையோ பொய்யோ, கங்காணிக்கு அந்த மலையில் கிடைத்த ஒரே நல்ல கதை அதுதான்.

எல்லயில் ஒன்பது வளைவுப் பாலம், 1921இல் கட்டியது. தண்டவாளத்தின் நடுவில் கையை விரித்து நின்று, ரயில் ஊதியதும் ஓட வேண்டும். ஓர்ட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளம், கீழே ஏறத்தாழ 870 மீட்டர். காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் வந்து மூடிவிடும் என்று எல்லோரும் எச்சரிப்பார்கள். பதினொன்றரைக்குப் போய் வெள்ளையாக ஒரு திரையைப் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லுங்கள். சீதா எலியவில் சீதையம்மன் கோயில், எல்லயில் ராவணன் அருவி. வால்மீகியைப் படிக்காதவர்களுக்குக்கூட இந்தப் பக்கம் திடீரென்று புராண ஞானம் ஊற்றெடுக்கும். அனுமன் பாதம் என்று காட்டும் பள்ளத்தில் மாமாவின் பாதத்தையும் வைத்து அளந்து பார்க்க மறக்கக் கூடாது.

தேயிலைத் தோட்டத்தில் வண்டி நிற்கும். கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, அவள் தலையில் மாட்டியிருக்கும் கூடையை வாங்கி நம் வீட்டுப் பெண்ணின் தலையில் மாட்டி, படமெடுத்து, ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துவிட்டு ஏறிவிட வேண்டும். இலங்கை ரூபாய்தான், அதை நம் ரூபாயில் மனக்கணக்குப் போட்டால் இன்னும் நிம்மதியாக இருக்கும். அதற்குள் அவள், “நீங்க இந்தியாவா? எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிடுவாள். பதில் சொல்லாதீர்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம் என்று எதையாவது சொன்னால், “எங்க பாட்டன் ஊரும் அந்தப் பக்கந்தானாம்” என்று ஆரம்பித்துவிடுவாள். பிறகு அந்தக் கதை நிற்காது.

காப்பிக்காக வந்தவர்கள் அவள் முன்னோர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். 1869இல் இலைத்துரு நோய் காப்பியைத் தாக்கி, சில வருடங்களில் அதைத் துடைத்தெடுத்தது. மலை முழுக்கத் தேயிலை ஏறியது. பறிக்க மேலும் ஆட்கள் வந்தார்கள். நாடு சுதந்திரமடைந்த 1948இலேயே குடியுரிமைச் சட்டம் வந்து இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்படி அனுப்பப்பட்டவர்கள்தான் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடி கொழுந்து பறித்தார்கள். நாம் ஊட்டிக்குப் போகும்போதும் கூடையை வாங்கிப் படமெடுத்தது இவர்களிடம்தான்.

இதெல்லாம் காதில் விழுந்துவிட்டால் தொழிற்சாலையில் கொடுக்கும் இலவசத் தேநீர் இறங்காது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை எப்படிப் படுக்கிறது என்பது சுற்றுலாத் திட்டத்தில் இல்லாத கேள்வி. அதற்குப் பதிலாக, “இலங்கை டீயில எது பெஸ்ட்?” என்று கேளுங்கள், நான்கு பெட்டி வாங்கினால் ஒன்று இலவசம்.

யாழ்ப்பாணத்தைத் திட்டத்திலிருந்தே வெட்டிவிடுவது புத்திசாலித்தனம். “அங்க என்ன இருக்கு?” என்று ஏஜென்டே கேட்பார். இருந்தாலும் குழுவில் ஒரு உணர்வாளர் இருந்து, போயே தீர வேண்டும் என்று அடம்பிடித்தால், கடைப்பிடிக்க வேண்டியவை சில.

முதலில், தங்கும் வீட்டம்மா, “வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிக்கிறியளோ?” என்று கேட்டவுடன், குழுவில் மூத்தவர் ‘தெனாலி’ படத்துக் கமல்ஹாசன் குரலில் பதில் சொல்ல வேண்டும். அந்தப் படம் 2000இல் வந்தது. அன்றிலிருந்து தமிழ்நாட்டிலிருந்து வரும் ஒவ்வொருவரும் அதே வசனத்தை அதே குரலில் சொல்லி, தாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தது போலச் சிரிக்கிறார்கள். வீட்டம்மாவும் சிரிப்பார். அவர் பண்பு அப்படி. இளையவர் ஒருவர், “உங்க தமிழ் மலையாளம் மாதிரியே இருக்கு” என்று சேர்த்துக்கொண்டால் காரியம் முழுமையடையும்.

தேநீர் ஆறுவதற்குள் அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: “சண்டை நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?” அறிமுகமாகி இரண்டு நிமிடத்துக்குள் கேட்பது முக்கியம். அவருக்கு யார் யார் இல்லாமல் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள உட்காரவும் நேரமில்லை. பதிலில் பாதி வரும்போதே வேன் ஹார்ன் அடிக்கும். சென்னையில் கேட்டுப் பழகிய அரசியல் பேச்சுகளை நினைவிலிருந்து எடுத்து, நடந்தது என்ன என்று அவருக்கே விளக்கிச் சொல்லிவிட்டுக் கிளம்பவும்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முன்னால் நின்றால் வெள்ளைக் கட்டடம் படத்தில் நன்றாக விழும். 1981இல் எரித்தார்கள், ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச் சுவடிகளும் போயின. இப்போது உள்ளே போனால் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள், தினசரி வாசிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். உணர்வாளர் வாசலிலேயே நின்று உணர்ச்சிவசப்பட்டுக் காணொளி பதிவு செய்துவிட்டால், உள்ளே போய் ஒரு புத்தகத்தையும் தொட வேண்டியதில்லை. நல்லூர் முருகன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். விஐபி வரிசை எங்கே என்று விசாரித்துப் பாருங்கள். கேள்வியே புரியாமல் விழிப்பார்கள். பூசை சொன்ன நேரத்துக்கு நடக்கும், உங்களுக்காகக் காத்திருக்காது. இப்படி ஒரு முருகனை நம் ஊர் ஆட்களால் ரொம்ப நேரம் தாங்க முடியாது.

நயினாதீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு. ஒரே சின்னத் தீவில் நாகபூஷணி அம்மனும் நாகதீப விகாரையும் இருப்பதால், அதே படகில் தேங்காய்த் தட்டோடு தமிழ்க் குடும்பமும் வெள்ளை உடுப்போடு காலியிலிருந்து வந்த சிங்களக் குடும்பமும் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்திருப்பார்கள். குழந்தை வாந்தியெடுத்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் பை நீளும். காற்று அதிகம், உப்புத் தண்ணீர் தெறிக்கும், புடைவை பாழாகும். இதைத் தவிர்க்கலாம்.

கடைசி நாள் கொழும்பு. பேரங்காடியில் மாலைவரை சுற்றிவிட்டு நேராக விமான நிலையம். தேசிய அருங்காட்சியகம் வழியில்தான் இருக்கிறது என்று ஓட்டுநர் சொல்லிப் பார்ப்பார். 1877இல் திறந்த வெள்ளைக் கட்டடம். உள்ளே பொலன்னறுவையில் தோண்டியெடுத்த சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன; ஆடவல்லான் உட்பட. இன்னொரு மூலையில் ஒரு கருங்கல். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409இல் பொறிக்கச் செய்து காலிக்குக் கொண்டுவந்தது. ஒரே கல்லில் மூன்று எழுத்து: சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கைப் பட்டியல். அந்தக் கடலில் வியாபாரம் செய்ய யார் யார் தயவு வேண்டும் என்று அந்த ஆள் கணக்குப் போட்டிருக்கிறார். பிறகு வந்தவர்கள் அதன் அருமை தெரியாமல் மதகுக்கு மூடிக்கல்லாகப் போட்டுவிட்டார்கள். 1911இல்தான் காலியில் கண்டெடுத்தார்கள். அதுவரை தமிழெழுத்தின்மேல் மாட்டு வண்டி போயிருக்கிறது. அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு, பேரங்காடிக்கு இல்லை என்று சொல்லி ஓட்டுநரின் வாயை அடைத்துவிடுங்கள்.

ஊர் வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். நானூறு, ஐந்நூறு படங்களைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் கொட்டியதும் மைத்துனர் யாராவது, “பின்னாடி தெரியற கோயில் என்ன?” என்று கேட்பார். பதறாதீர்கள். படத்தை அப்படியே ஓட்டுநருக்கு அனுப்புங்கள். அடுத்த வண்டியை ஓட்டிக்கொண்டே அவர் நிறுத்தும் இடத்தில் குரல் பதிவு அனுப்புவார்: இடம், கட்டியவன், காலம், அங்கே எந்த நாளில் கூட்டம் குறைவு, அடுத்த முறை வந்தால் எத்தனை மணிக்குப் போக வேண்டும், எல்லாம் இருக்கும். மூன்றரை நிமிடம் ஓடும். மைத்துனருக்கு அதைத் தட்டிவிட்டு, குழுவை ஒரு வருடத்துக்கு மியூட் செய்துகொள்ளுங்கள்.